இரண்டு முழச் சேலை

வீட்டு அலமாரியில் பழைய பார்பி பொம்மை இருந்தால் அதன் முதுகுப்பக்கம் திருப்பிப் பாருங்கள். மேட்டல் என்ற நிறுவனப் பெயர், 1966 என்ற ஆண்டு, மலேசியா என்ற நாட்டுப் பெயர் மூன்றும் பலவற்றில் பொறித்திருக்கும். 1966இல் செய்த பொம்மை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ஆண்டு உடலமைப்பின் உரிமைக்கு உரியது. பொம்மை பெரும்பாலும் 1980களிலோ 1990களிலோ நம் மலேசிய நாட்டுத் தொழிற்சாலையில் உருவானதாக இருக்கும்.

நம் நாட்டில் பிறந்தவள்தான். ஆனாலும் அவள் பெட்டியில் கவுன் இருந்தது, குதிகால் செருப்பு இருந்தது, சீப்பு இருந்தது, சேலை இல்லை. உலக நாடுகள் வரிசையில் மேட்டல் 1980களின் தொடக்கத்தில் சேலை கட்டிய இந்தியப் பார்பியையும், 1991இல் மலேசியப் பார்பியையும் வெளியிட்டது. அவை சேகரிப்பாளர்களுக்கானவை. பிள்ளைகள் கையில் இருந்த சாதாரணப் பொம்மைக்குச் சேலையும் ஜிமிக்கியும் கிடைத்தது வீட்டுப் பெண்களின் ஊசி முனையில்தான்.

அன்று: கடைத்தெருவின் வெட்டுத்துணி

பினாங்கு, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் லெபோ பசாருக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் கடைத்தெரு. துணிக்கடையும் தையற்கடையும் பூக்கடையும் அடுத்தடுத்து இருந்த வட்டாரம் அது. ரவிக்கை தைத்ததுபோக மிஞ்சும் உள்ளங்கையளவு துணி பொம்மைக்குப் பாவாடையாகும். அறுந்த பாசிமாலையின் மணிகள் அவள் கழுத்துக்கு வரும். தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டினால் இழுப்பறை வைத்த அலமாரி. ஐஸ்கிரீம் குச்சியில் கட்டில், சோடா மூடியில் தட்டு. நியோன்யா பெண்கள் மணிச்செருப்புக்குக் கோக்கும் பொடிக் கண்ணாடி மணிகளும் இந்த ஊரிலேயே கிடைத்தன. அதைவிடப் பொருத்தமான அட்டிகை மணி பொம்மைக்கு ஏது?

பொம்மைக்கு உடுத்திப் பார்ப்பது பார்பியோடு வந்த பழக்கமும் இல்லை. நவராத்திரிக் கொலு வைக்கும் வீடுகளில் மரப்பாச்சி இணைக்கு ஆண்டுதோறும் புதுத்துணி சுற்றி, ஜரிகை ஒட்டி, மணி கோத்துப் போடுவார்கள். அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த மரப்பாச்சி மகள் கைக்கு வரும்போது அலங்கரிக்கும் முறையும் சேர்ந்தே வந்தது. சொப்புச் சாமான் வைத்துச் சமைத்த குழந்தைக்குச் சின்னதைச் சின்னதாகவே முழுமையாகச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பார்பியின் தொடக்கமும் கைவேலைதான். 1959 மார்ச் 9இல் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அவள் அறிமுகமானபோது அவளோடு வந்த உடைகளை வடிவமைத்தவர் ஷார்லட் ஜான்சன். அவர் ஜப்பானுக்குப் போய்த் தங்கி வேலையைக் கவனித்தார். தைத்தவர்களில் பலர் வீட்டிலிருந்தபடியே கூலிக்குத் தைத்த ஜப்பானியப் பெண்கள். குட்டி ஜிப், குட்டிப் பொத்தான், உள்துணி வரை ஒழுங்காக இருந்த உடைகள் அவை. ஜப்பானில் கூலி உயர உயர அந்த வேலை ஆசியாவின் மற்ற நாடுகளுக்கு நகர்ந்தது. அப்படித்தான் மலேசியாவுக்கும் வந்தது.

ஆறில் ஒரு பங்கு

இந்தக் கைவேலையின் சூட்சுமம் ஒரே கணக்கில் இருக்கிறது. பார்பியின் உயரம் சுமார் 29 சென்டிமீட்டர். மனித அளவில் ஆறில் ஒரு பங்கு. ஐந்தரை மீட்டர் சேலையை ஆறால் வகுத்தால் 92 சென்டிமீட்டர், அதாவது இரண்டு முழம். அகலம் 19 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவு.

நீளத்தை வகுக்கலாம், துணியின் கனத்தை வகுக்க முடியாது. பட்டுத்துண்டில் கொசுவம் வைத்தால் பொம்மையின் இடுப்பில் மூட்டை கட்டியதுபோல் நிற்கும். ஆகவே பல தடவை துவைத்து மெலிந்த பருத்தியோ ஷிஃபான் துப்பட்டாவோதான் சரி. கொசுவத்தை நான்கு மடிப்போடு நிறுத்தி, மேலே தாள் வைத்து இஸ்திரி போட்டு, உள்பக்கம் ஒரே வரியில் நூலோட்ட வேண்டும். கரைக்கு ஒரு சென்டிமீட்டர் ஜரிகை ரிப்பன் போதும். நம் சேலையில் அது ஆறு சென்டிமீட்டர்க் கரைக்குச் சமம். துணியில் பூ இருந்தால் கடுகளவில் இருக்க வேண்டும். பெரிய பூ ஒன்று பொம்மையின் மார்பை மூடிவிட்டால் சேலை மேசைவிரிப்பாகத் தெரியும்.

ஜிமிக்கிக்கும் அதே கணக்கு. 4 மில்லிமீட்டர் கிண்ணவடிவ மணித்தொப்பியைக் கவிழ்த்து, அடியில் 2 மில்லிமீட்டர் மணியைத் தொங்கவிட்டு, கம்பியை வளைத்தால் முடிந்தது. ஆனால் செம்பு கலந்த கம்பியைப் பொம்மையின் காதில் குத்திப் பல ஆண்டு விட்டுவைத்தால் காதைச் சுற்றிப் பச்சைக் கறை படரும். அதைப் போக்குவது பெரும்பாடு. துருவேறா எஃகுக் கம்பி அந்தக் கவலையைத் தராது. சாயம் விடும் சிவப்புத் துணியும் அப்படித்தான். வெள்ளை உள்துணி கொடுக்காவிட்டால் நிறம் உடம்பில் ஏறிவிடும்.

இன்று: திரையில் தேடினால் கிடைப்பது

ஊர் மாறியது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்க, பெண்கள் ஆயிரக்கணக்கில் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். நுண்ணோக்கியில் கண்வைத்து முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் பொருத்திய கைகளுக்கு வீட்டில் ஊசி பிடிக்க நேரம் குறைந்தது. நகர மையத்தின் பழைய கடைவீடுகளைக் காத்துவந்த வாடகைக் கட்டுப்பாடு 2000இல் முடிவுக்கு வந்தபோது, குறைந்த வாடகையை நம்பியிருந்த சிறு கடைக்காரர்களும் கைவினைஞர்களும் பலர் வெளியேறினார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதி வந்தது, தெருக்கள் அழகாயின. வெட்டுத்துணி கேட்டு வாங்க முடிந்த தையற்காரர் மட்டும் பக்கத்தில் இல்லாமல் போனார்.

பொம்மைத் தொழிலும் இடம் மாறியது. நீரிணைக்கு அப்பால் பிறையில் மேட்டல் ஆலை இன்று ஹாட் வீல்ஸ் கார்களை வார்க்கிறது. புதுப் பார்பிகள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் உருவாகின்றன. 2016இல் குட்டை, நெட்டை, பூசிய உடல் என்று புது உடலளவுகள் வந்துவிட்டதால் பழைய ரவிக்கை வெட்டு எல்லோருக்கும் பொருந்தாது. குதிகால் செருப்புக்கென்றே எக்கி நின்ற கால், தட்டைப் பாதமாகவும் வருகிறது. சேலைக்கு ஏற்ற தட்டைச் செருப்பும் இப்போது போட முடிகிறது.

செய்கிறவர்களும் மாறிவிட்டார்கள். இன்று இதில் இறங்குவோர் பலர் வேலைக்குப் போகும் பெரியவர்கள். பாலிமர் களிமண்ணை உருட்டி 110 டிகிரி செல்சியஸில் வீட்டு ஓவனிலேயே சுட்டு வாழையிலைச் சாப்பாடு செய்கிறார்கள். பிசின் ஊற்றித் தே தாரிக் குவளை நிரப்புகிறார்கள். முப்பரிமாண அச்சில் குத்துவிளக்கு எடுக்கிறார்கள். பிகோவோர்ம் என்ற பெயரில் அறியப்படும் மலேசியக் கலைஞர் லிம் புய் வான் விரல்நுனியில் நிற்கும் உணவு வகைகளால் உலகக் கவனம் பெற்றவர். நம் சாப்பாட்டையும் நம் தெருவையும் சிறிதாக்கிக் காட்டினால் ரசிக்க ஆளுண்டு என்பதற்கு அவரே சான்று.

இந்த நுணுக்கம் அன்று இல்லை, மனமாரப் பாராட்டுகிறேன். அதே சமயம் ஷோப்பி இணையக் கடையில் சில ரிங்கிட்டுக்கு வந்திறங்கும் பொம்மைச் செருப்பும் கைப்பையும் எந்த வீட்டையும் சேர்ந்தவை ஆகா. பாட்டியின் நீலச் சேலையில் வெட்டிய தாவணிக்குப் பின்னால் பாட்டி இருக்கிறார். அன்று வேறு வழியில்லாமல் செய்தோம்; இன்று வேண்டுமென்றே செய்தால்தான் அது பிழைக்கும்.

ஆகவே பினாங்கு அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நைந்த சேலையைத் தூக்கிப்போடுமுன் அதன் முந்தானையில் இரண்டு முழம் வெட்டி வையுங்கள். யாருடைய சேலை, எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று சீட்டு எழுதி அதோடு மடித்து வையுங்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளையை மடியருகில் உட்கார்த்தி, ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக் கொடுங்கள். வருகிற நவராத்திரிக்கு மரப்பாச்சிக்குப் பக்கத்தில் பார்பியும் அந்தச் சேலையில் நிற்கட்டும்.