ஒழுகும் சரக்கும் உலகச் சட்டமும்

மூட்டை கிழிந்து வழியில் சரக்குச் சிந்தினால் நட்டம் யாருக்கு என்பது வணிகராகிய நாம் அறிந்ததே. எரிவாயுத் தொழிலிலும் அதே நிலைதான். எரிக்கும்போது நிலக்கரியைவிட ஏறத்தாழ பாதி கரியமில வாயுவையே வெளியிடுவதால், இது தூய எரிபொருள் எனப் பெயர் பெற்றது. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும்.

ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டம் இயற்றி, கிணறுகளிலும் குழாய்களிலும் கசிவைக் கண்டறிந்து அடைக்கக் கட்டளையிட்டது. அமெரிக்காவோ, அளவு மீறிய கசிவுக்கு 2022இல் கட்டணச் சட்டம் இயற்றிவிட்டு, 2025இல் அதை 2034 வரை தள்ளிவைத்தது. சட்டம் இப்படி மாறினால் முதல் போட்டவர் எதை நம்புவது?

கசிவை அடைத்தால் மிஞ்சும் வாயுவும் விற்பனைச் சரக்கே. சட்டத்துக்குக் காத்திராமல் ஓட்டையை அடைப்பவரே நிலைப்பார் என்பது நமது கருத்து.