ஆஸ்பத்திரிக்கு வராதவர்களின் கணக்கு

மருத்துவம் படித்தவர் முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, தேடி வருகிற நோயாளியைக் குணமாக்குவது. இன்னொன்று, வராதவர் யார், ஏன் வரலைன்னு விசாரித்துக்கொண்டு போவது. முதல் வேலை நமக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவதுக்குப் பேர்தான் பொது சுகாதாரம். ஒருவர் தன் வாழ்நாள் முழுக்க அதிலேயே செலவழிக்கலாம். அப்படிச் செலவழித்த ஒருவர் எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருந்தார்: டாக்டர் டி.எஸ். சௌந்தரம்.

1904ல் பிறந்தவர். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அதன்பிறகு டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்து, 1936ல் பட்டம் வாங்கினார். பெரிய நகரத்தில் கிளினிக் வைத்திருந்தாலே வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1947ல், கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் சேர்ந்து சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். இரண்டு படுக்கைகளோடு ஆரம்பித்த சிகிச்சை நிலையம்தான் பின்னாடி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது.

இதுவரைக்கும் சேவைக் கதைதான். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். 1959ல் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்கியது (இது சேலம் பக்கத்து ஆத்தூர் இல்லை, நம்ம ஆத்தூர்). ஒரு வட்டாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, கிராமத்துக்குச் சுகாதாரச் சேவையை எப்படிக் கொண்டுபோவது என்று செய்து பார்த்தார்கள். அதிலிருந்து 1964ல் கிராமிய சுகாதார நிறுவனம் உருவானது. சுகாதாரப் பணியாளர்களுக்கும், அவர்களுக்குக் கற்பிக்கிற ஆசிரியர்களுக்கும் அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள்.

வட்டாரம் முழுவதையும் ஏன் எடுக்கணும்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது நாட்டின் விதிமுறை. நெய்க்காரப்பட்டி பக்கம் அப்படி ஒரு 5,000 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஆயிரம் பேருக்கு 14 குழந்தை என்று வைத்தால், 70 பிரசவம் வரும். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் 50 பேர்தான் இருக்காங்கன்னா மீதி 20 பேர் எங்கே?

சிலர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். சிலர் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். சிலர் கணவரோடு திருப்பூருக்குப் போயிருக்கலாம். இப்படி ஒவ்வொருத்தராக விசாரித்துக் கழித்தபிறகும் இரண்டு பேர் மிச்சம் என்றால், ரத்தசோகையோ ரத்தக்கொதிப்போ யாரும் பார்க்காமலே பிரசவத்துக்குப் போகப் போகிறவர்கள் அவர்கள்தான். மருத்துவமனையின் ரெக்கார்டில் அந்த இரண்டு பேரும் இருக்கவே மாட்டார்கள். எங்கள் துறையில், எர்ரர் லாக்கில் பதிவாகாத பிழையைத்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். இங்கேயும் அதே கதைதான். என்ன, இங்கே தவறினால் போவது ஒரு உயிர்.

இந்தத் துறையில் தலைமை என்றால் என்ன என்பதும் இதிலிருந்தே புரிகிறது. ஒரு டாக்டரால் 5,000 பேர் வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. தட்டுகிறவருக்குப் பயிற்சி, சம்பளம், மருந்து, மேலே அனுப்ப ஒரு மருத்துவமனை இதெல்லாம் தடைபடாமல் கிடைக்க வைக்கணும். அரசாங்கத்தோடும் பேசணும், ஊர்க்காரர்களோடும் பேசணும். சௌந்தரம் 1952ல் ஆத்தூர் எம்.எல்.ஏ., 1962ல் திண்டுக்கல் எம்.பி., பிறகு மத்திய கல்வித் துணை அமைச்சர். தொண்டு நிறுவனம் ஒரு வட்டாரத்தில் செய்து காட்டலாம். மாநிலம் முழுக்கக் கொண்டுபோக அரசாங்கம்தான் வேண்டும். அவர் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவர்.

1984ல் அவர் காலமானார். மருத்துவமனையும் பயிற்சி நிறுவனமும் இன்னும் நடக்கின்றன. தலைவர் போன பிறகும் பதிவேடு எழுதப்படுகிறதா என்பதுதான் இந்த வேலைக்கு நான் வைக்கிற மதிப்பெண்.

இந்த வேலையில் கைத்தட்டல் குறைவு. காப்பாற்றப்பட்ட நோயாளி நன்றி சொல்லுவார். வராமலே போன நோய்க்கு யார் வந்து நன்றி சொல்வது? நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. செவிலியர் பதிவேட்டோடு வாசலில் நின்றால், "எங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோம்மா" என்று சொல்லி அனுப்பிவிடாமல், உட்காரச் சொல்லி, மருமகள் எந்த ஊரில் இருக்கிறாள், எத்தனையாவது மாசம் என்று சரியாகச் சொல்லுங்கள். அவர் தேடிக்கொண்டிருக்கிற அந்த இரண்டு பேரில் ஒருவர் உங்கள் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம்.