பதில் வந்தால்தான் காவலுக்கு ஆள் வரும்



சென்ற மாதம் ஒரு தோட்டத்தில் சங்கக் கூட்டம் நடத்தினோம். சந்தா, சம்பளம் எல்லாம் பேசி முடித்த பின் ஒரு தாயார் எழுந்தார். "சம்பளம் கிடக்கட்டும் ஐயா. பின்கட்டுல வச்ச கேஸ் தோம்பைக்கூட விட்டு வைக்க மாட்டேங்கிறானுங்க. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

ஒரே மாதத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் மூன்று தோம்புகளும் களவு போயிருந்தன. "யாருமே பார்க்கவில்லையா?" என்று கேட்டோம். கூட்டத்தில் பேச்சு மூச்சில்லை. பிறகு கடைசி லயத்துத் தோழர் ஒருவர் மெல்லச் சொன்னார்: "பார்த்தேண்ணே. லோரி நம்பரைக்கூடப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கிட்டேன்."

காரணம் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் இதே போல் ஒரு களவைப் பார்த்து, அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு ரிப்போர்ட் போடப் போனார். காத்திருந்தது நாலு மணி நேரம். "அந்த நேரத்தில் நீ ஏன் வெளியே நின்றாய்?" என்ற கேள்விதான் கிடைத்த மரியாதை. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆனால் புகார் கொடுத்தது யார் என்பது மட்டும் கடைத்தெரு வரைக்கும் தெரிந்துவிட்டது. அவரைக் கோழை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இன்னொரு தோட்டத்தையும் நாம் அறிவோம். அங்கே ரிப்போர்ட் போட்ட ஒரு வாரத்தில் ஒரு சார்ஜன் பிரட்டுக் களத்துக்கே வந்து, விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். திருடன் அப்போது பிடிபடவில்லை. ஆனாலும் அந்த வாரமே பன்னிரண்டு பேர் முறை வைத்து இரவுக் காவலுக்குப் புறப்பட்டார்கள். நம்மையும் மனிதராக மதித்துப் பதில் சொன்னார்களே என்பதுதான் காரணம்.

1975-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் ருக்குன் தெத்தாங்காவைத் தொடங்கினார். தொடங்கிய இடம் கோலாலம்பூரில் தமிழ்ப் பெயர் தாங்கிய கம்போங் காசிப்பிள்ளை. அன்று இரவுக் காவல் கட்டாயக் கடமை. இன்று 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது விருப்பப்பட்டுச் செய்யும் தொண்டு. அன்று சட்டம் இழுத்து வந்தது. இன்று நம்பிக்கைதான் அழைத்து வர வேண்டும்.

அந்த நம்பிக்கையைக் கேட்டு வாங்க நமக்கு உரிமையும் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107A பிரிவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். களவு போன்ற குற்றத்திற்கு ரிப்போர்ட் போட்டு நான்கு வாரங்கள் கடந்துவிட்டால், விசாரணை நிலவரத்தைக் கேட்டு மனுக் கொடுக்கலாம். மனுக் கிடைத்த இரண்டு வாரத்திற்குள், விசாரணையைப் பாதிக்காத வரையில், நிலைய அதிகாரி பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசாங்கத் தலைமை வழக்கறிஞரிடம் புகார் செய்யலாம். ஆகவே ரிப்போர்ட் நகலை அரிசிப் பானைக்குள்ளாவது பத்திரமாக வையுங்கள்!

காவலுக்குப் போகும் தம்பிமாரே, ஒரு வார்த்தை. திருடனைப் பிடித்தால் தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படையுங்கள். கை நீட்டினால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களைக் கண்டதும் சந்தேகிக்காதீர்கள். அவர்கள் கூலியும்தான் களவு போகிறது. அவர்களையும் முறையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசி லயத்துத் தோழர் இறுதியில், "நீங்க கூட வந்தா வர்றேண்ணே" என்றார். போனோம். லோரி நம்பரைக் கொடுத்தார். இரண்டு வருடத்துப் பழைய ரிப்போர்ட்டுக்கும் மனுக் கொடுத்தோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம். அது வந்தால், அடுத்த முறை அவர் கதவு சாத்தாது.