அண்டையை அறியும் திசைவிகள்

நுழையும்முன்
இணையம் தடைப்பட்டால் வடம் அறுந்தது என்றே எண்ணுகிறோம். வடம் நலமாக இருந்தும், அதன் இரு முனைகளிலுள்ள கருவிகள் ஒன்றையொன்று ஏற்காவிடில் ஊர் தனித்துவிடும். அக்குறையைக் கண்டறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மலையூரும் மாற்றுப்பாதையும்
சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒன்றியத்தில் அமைந்த ஊராட்சி மாரமங்கலம். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழை வடத்தால் இணைப்பது பாரத்நெட் திட்டத்தின் நோக்கமாகும். மலைப்பகுதியில் மண்சரிவால் ஒரு வடம் அறுபடலாம். அப்போது மற்றொரு வடத்தின் வழியே செய்தியைத் திருப்பிவிடும் கருவியே திசைவி.

அண்டை உறவு
திசைவிகள் பாதையறியப் பின்பற்றும் நெறிமுறைகளுள் ஒன்று ஓ.எஸ்.பி.எஃப். இது எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட குறும்பாதைக் கணக்கீட்டு முறையைப் பயன்படுத்துகிறது. ஒரு திசைவி பொதுவாக 10 நொடிக்கு ஒருமுறை 'ஹலோ' என்னும் சிறு செய்தியை அனுப்பும். 40 நொடிவரை அச்செய்தி வாராவிடில், எதிர்முனைத் திசைவி அதனைத் தன் அண்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்.

குறையறியும் முறை
மாரமங்கலத்தில் ஒன்றும் ஏற்காட்டில் ஒன்றுமாக இரு திசைவிகள் உள்ளன எனக் கொள்வோம். அவை அண்டையாகவில்லை எனில், உறவு எந்நிலையில் நின்றது என்பதை முதலில் காணவேண்டும்.

பட்டியலில் அண்டையே இல்லையெனில், வடத்தையும் மின்னிணைப்பையும் சோதிக்க வேண்டும். அவை சரியாயின், இருபுறமும் பகுதி எண், ஹலோ இடைவெளி, காத்திருப்பு நேரம், கடவுச்சொல் ஆகியவை ஒத்துள்ளனவா என ஒப்பிடவேண்டும். ஒன்று மாறினாலும் உறவு அமையாது.

உறவு தொடக்க நிலையிலேயே நின்றால், அது ஒருவழிப் பேச்சு. எதிர்முனையின் குரல் நமக்குக் கேட்கிறது; நம் குரல் அங்குச் சென்று சேரவில்லை. அனுப்பும் இழையையும் இடையிலுள்ள பாதுகாப்புத் தடைகளையும் ஆராயவேண்டும்.

ஹலோ இருபுறமும் சென்றும், விவரப் பரிமாற்றம் தொடங்கும் நிலையில் உறவு தேங்கினால், பொதியின் உச்ச அளவு வேறுபட்டிருக்கலாம். ஹலோ செய்தியில் அவ்வளவு குறிக்கப்படுவதில்லை. அடுத்துவரும் விவரச் செய்தியிலேயே குறிக்கப்படும். தன்னளவை மிஞ்சியதைக் காணும் திசைவி அச்செய்தியைப் புறக்கணிக்கும்.

முன்னறிதல்
முதன்மைப் பாதை இயங்கும்வரை மாற்றுப்பாதையின் குறை எவர் கண்ணுக்கும் புலப்படாது. மழைநாளில் முதன்மை வடம் அறுந்தபின்னரே அது வெளிப்படும். ஆகவே, எல்லாம் நலமாக இயங்கும் நாளிலேயே அண்டைப் பட்டியலைப் பார்த்துவைப்பது வலையமைப்பைக் காப்போரின் கடமையாகும்.