நாய் தேயிலைத்தூளைத் தின்றுவிட்டால்



நம் லயங்களில் நாய் படுக்காத இஸ்தோப்பு குறைவு. இரவில் பன்றி வந்தாலும் சிறுத்தை வந்தாலும் அதுதான் முதலில் குரைக்கிறது. ஆனால் அது எதைத் தின்கிறது என்று நாம் பார்ப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு லயத்திலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டார். பால்மாப் பக்கெட் கிழிந்து தேயிலைத்தூளோடு கொட்டிக் கிடந்ததை நாய் நக்கித் தின்றுவிட்டதாம். ஒரு மணி நேரத்தில் அதற்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓடியது, வாந்தி எடுத்தது, பிறகு நடுங்க ஆரம்பித்தது. நான் போன நேரம் நாலு பேர் அதைப் பிடித்து உப்புத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்து பிடித்த தம்பிக்குக் கையில் கடி.

"நாம குடிக்கிற தேத்தண்ணிதானே ஐயா, அது எப்படி விஷமாகும்?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். தேயிலையில் காபீன் என்ற பொருள் இருக்கிறது. 100 கிராம் தூளில் ஏறக்குறைய 2 முதல் 4 கிராம் வரை இருக்கும். நாயின் உடம்பு அதை நம்மைப்போல் தாங்காது. 10 கிலோ நாய்க்கு 5, 10 கிராம் தூளிலேயே படபடப்பு தொடங்கலாம். ஒரு கைப்பிடி போனால் வலிப்பு வரலாம், இதயமும் நிற்கலாம். ஊற்றி எடுத்த சாயத்தூளில் காபீன் குறைவு, ஆனாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

உப்புத்தண்ணி கொடுக்கவே கூடாது. உப்பு இரத்தத்தில் ஏறி, அதுவே வலிப்பை உண்டாக்கி நாயைக் கொல்லும். நடுங்குகிற நாய்க்கு எதை ஊற்றினாலும் சுவாசப்பைக்குள் போய்விடும். புளித்தண்ணி, தேங்காய் எண்ணெய், தொண்டையில் விரல் விடுவது எல்லாம் இதே கதைதான். பால் விஷத்தை முறிக்காது.

மிச்சத்தை உடனே அப்புறப்படுத்துங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, கிழிந்த பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள். நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் போனால் அவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார், அதற்கென்று உள்ள கரிமருந்தும் கொடுப்பார். அடுப்புக்கரி அதற்கு உதவாது. ஞாயிறு, போயா நாட்களில் அரச அலுவலகம் மூடியிருக்கும். ஆகவே தனியார் வைத்தியர் ஒருவரின் நம்பரையும் இப்போதே வாங்கிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

வெங்காயம் வேறு மாதிரி. சமைத்தாலும் அதன் கெடுதல் போகாது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் கறுக்கும். சொக்கலட்டும், முந்திரிகைவற்றல் போட்ட கேக்கும்கூட நாய்க்கு ஆகாது.

அந்த நாயை ஆட்டோவில் டவுனுக்குக் கொண்டுபோனோம். மறுநாள் எழுந்து சோறு தின்றது. தம்பிக்குத்தான் கஷ்டம். நாய்க்கு விசர்த் தடுப்பூசி போட்ட அட்டை இல்லை. எச்சில் வடித்து நடுங்கும் நாய்க்கு விசரா, வேறு காரணமா என்று பார்த்தவுடன் யாராலும் சொல்ல முடியாது. கையைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஊசிக்காகப் பல தடவை போய்வந்ததில் அத்தனை நாள் பேரும் போய்விட்டது.

தூளை இறுக்கமான மூடியுள்ள டின்னில் போட்டு உயரத்தில் வையுங்கள். சாயத்தூளைக் கானில் கொட்டாமல் குழிவெட்டி மூடுங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டையையும் பத்திரமாக வையுங்கள்.