ஆக்சிலேட்டர் ஒட்டுகிறதா? வண்டியை நிறுத்துங்கள், எழுதிக் கொடுங்கள்

திருவள்ளூர் மாவட்டத்தின் தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் நேரத்துக்குள் ஆட்களைக் கொண்டுசேர்க்க வேண்டும் என்ற அவசரத்தில் வேன்களும் கார்களும் ஓடுகின்றன. அதே சாலையில் சரக்கு லாரிகளும் வருகின்றன, சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள். அங்கே, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் வேகம் குறையாத வண்டி எத்தனை பேரின் உயிரோடு விளையாடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் 'மிதி கொஞ்சம் பிடிக்குது, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த வழக்கத்தை விட்டாக வேண்டும்.

ஓடும்போது சிக்கிக்கொண்டால்

பிரேக்கை ஒரே அழுத்தாக, முழு பலத்துடன் மிதியுங்கள். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும்போது அப்படிச் செய்தால் பிரேக் பூஸ்டரின் வேக்குவம் தீர்ந்து, பிரேக் கல்லாகிவிடும். பிரேக்கை மிதித்தபடியே கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். கியர் வண்டியானால் கிளட்சையும் மிதியுங்கள். எஞ்சின் அலறும், அலறட்டும். சக்கரத்துக்கு அந்த விசை போகாது. இடப்பக்கம் ஒதுங்கி, வண்டி நின்ற பிறகு எஞ்சினை அணையுங்கள். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். குனிந்து கையால் மிதியை இழுக்கவும் முயலாதீர்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியை அவசரத்தில் எப்படி அணைப்பது என்பதைக் கையேட்டில் இன்றே படித்து வையுங்கள்.

கோளாறு எங்கே?

எஞ்சினை அணைத்துவிட்டு முதலில் தரை மேட்டைப் பாருங்கள். அது கொக்கியில் மாட்டியிருக்கிறதா? ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மேட் கிடக்கிறதா? மேட்டை எடுத்துவிட்டு மிதியை அடிவரை அழுத்தி விடுங்கள். சட்டென்று மேலே வந்தால் குற்றவாளி மேட்தான்.

மேட் இல்லாமலும் மிதி சோம்பலாகத் திரும்பினால், பழைய வண்டிகளில் கேபிளைச் சந்தேகியுங்கள். உறைக்குள் துரு, பிரிந்த இழை, தவறான வளைவு, தளர்ந்த ஸ்பிரிங், மிதியின் கீலில் அடைந்த புழுதி ஆகியவை வழக்கமான காரணங்கள். இழை பிரிந்த கேபிளுக்கு எண்ணெய் விட்டு ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். மிதி சரியாகத் திரும்பியும் எஞ்சின் இரைச்சல் இறங்காவிட்டால், த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம் அல்லது காற்றுக் கசிவு இருக்கலாம். கேபிளே இல்லாத புதிய வண்டிகளில் மிதியின் நிலையை சென்சார்கள் கணினிக்குச் சொல்கின்றன. அவற்றை ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்பில்தான் சோதிக்க வேண்டும்.

வாயால் சொன்னது போதாது

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே டொயோட்டாவின் லெக்சஸ் கார் ஒன்று கட்டுப்பாடு இழந்து மோதியதில் ஒரே குடும்பத்தின் நால்வர் இறந்தார்கள். அது டீலர் தற்காலிகமாகக் கொடுத்திருந்த கார். வேறு மாடலுக்கான ரப்பர் மேட் அதில் கிடந்தது, மிதி அதில் சிக்கிக்கொண்டது. சில நாள் முன்பு அதே காரை ஓட்டிய இன்னொருவருக்கும் இப்படியே நேர்ந்திருந்தது. டீலரின் வரவேற்பு மேசையில் அதைச் சொன்னதாக அவர் விசாரணையில் தெரிவித்தார். சொல்லியும் மேட் மாறவில்லை.

2010 ஜனவரியில் மேட்டுக்குத் தொடர்பில்லாமல் மிதியே ஒட்டும் கோளாறுக்காக டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மிதிக்குள் உராயும் பாகங்கள் தேய்ந்து, ஈரப்பதமும் சேர்ந்து, மிதி மெதுவாகத் திரும்பியது. சிறு எஃகுத் துண்டு பொருத்திச் சரிசெய்தார்கள். பாதுகாப்புக் குறைகள் குறித்து வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2014 மார்ச்சில் அந்த நிறுவனம் 120 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

கோளாறு இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரண கவனத்தால் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலும், பொதுச் சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 190ஆம் பிரிவின்படி குற்றம். ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் சொன்னவரும் ஓட்ட அனுமதித்தவரும் பொறுப்பாளிகள். அபராதம் 1,500 ரூபாய். விபத்தில் காயமோ சேதமோ ஏற்பட்டால் முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆகவே கம்பெனி வேன் ஓட்டும் தம்பிகள் முதலாளியிடமோ ஒப்பந்ததாரரிடமோ கோளாறை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தேதியோடு ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பி, மிதி திரும்பாததை வீடியோ எடுத்து வையுங்கள். பழுது நீங்கும்வரை அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

தயாரிப்புக் குறை என்றால், 2019 திருத்தத்தில் சேர்ந்த 110ஏ பிரிவின்படி வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு அரசு உத்தரவிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். உரிமையாளர்கள் வாகன் இணையதளத்தின் ரீகால் பகுதியில் புகார் செய்யலாம். எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பதும் கணக்கில் கொள்ளப்படுவதால் ஒவ்வொரு புகாரும் முக்கியம்.

சர்வீஸ் சென்டரில் உங்கள் புகாரை ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். 'பொதுச் சோதனை' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். நகல், பில், கழற்றிய பழைய பாகம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அடுத்த படி திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டியை வேறு ஊரில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். சொந்தப் பிழைப்புக்காக வேன் வாங்கி ஓட்டுபவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

இந்தப் படிகள் எல்லாவற்றிலும் உங்கள் பக்கம் பேசப்போவது தேதியிட்ட காகிதம். மிதி முதல் முறை ஒட்டும் அன்றே அதை எழுதத் தொடங்குங்கள்.