நாலாமிடம் – 9: பதினெட்டுப் பதக்கங்களுக்கு வெளியே

1996 அட்லாண்டாவில் தொடங்கி 2016 ரியோ வரை ஆறு ஒலிம்பிக். ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் பிரிவில் தடவைக்கு மூன்று பதக்கம் என்று மொத்தம் 18. அந்தப் பதினெட்டையும் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் என்ற மூன்று நாடுகளே பங்குபோட்டுக்கொண்டன. பல்கேரியாவில்லை, இத்தாலியில்லை, சீனாவுமில்லை. இந்தத் தொடரில் இதுவரை பார்த்தவர்களுக்கு வெண்கலம் தவறிப்போனது. இந்த வாரத்துப் பெண்ணுக்கோ அது கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கே முகாந்திரம் இல்லை. அப்படியும் இரண்டு முறை அதன் பக்கத்தில் போய் நின்றார். பெயர் சோன் யோன்-ஜே. 1994-இல் சோல் நகரில் பிறந்தவர்.

விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. 13 மீட்டர் சதுரக் கார்பெட். வளையம், பந்து, கிளப், ரிப்பன் என நான்கு கருவிகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை நிமிடம் ஆட வேண்டும். கிளப் என்பது நம்மூர்க் கர்லாக்கட்டையின் குட்டித் தங்கை மாதிரி இருக்கும்; இரண்டு உண்டு, வீசிப் பிடிக்க வேண்டும். உலக சாம்பியன்ஷிப்பில் கருவிக்கு ஒரு பதக்கம் உண்டு. ஒலிம்பிக்கில் கிடையாது. நான்கையும் கூட்டித்தான் கணக்கு. மூன்றில் ஜொலித்து ஒன்றில் தடுமாறினால் கதை முடிந்தது. யோன்-ஜேயின் கதையில் வில்லன் இந்த விதிதான்.

2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில், 16 வயதில், அவருக்கு வெண்கலம் கிடைத்தது. இந்த விளையாட்டில் தென்கொரியா கண்ட முதல் தனிநபர் ஆசியப் பதக்கம் அது. ஆனால் தங்கம் கஜகஸ்தானுக்கும் வெள்ளி உஸ்பெகிஸ்தானுக்கும் போனதைக் கவனிக்க வேண்டும். ஆசியாவுக்குள்ளேயே பழைய சோவியத் பள்ளிதான் முன்னால் நின்றது. யோன்-ஜே எடுத்த முடிவு எளிமையானது, கசப்பானதும்கூட: அந்தப் பள்ளிக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். மாஸ்கோ அருகே நொவோகோர்ஸ்க். அப்போது பயிற்சியாளர் இரினா வினெரின் கண்காணிப்பில் ரஷ்யாவின் சாம்பியன்கள் உருவான இடம். அங்கே எலெனா லிபோர்டோவா அவருக்குப் பயிற்சியாளர். யாரை முந்த வேண்டுமோ அவர்களோடே தினமும் பயிற்சி. நம் ஊர் தன்மானப் பேச்சுக்கு இது ஒத்துவராது. எனக்கென்னவோ அவர் வாழ்க்கையின் ஆகச் சிறந்த முடிவு இதுதான் என்று தோன்றுகிறது.

லண்டன், 2012. தகுதிச் சுற்றில் கிளப் ஆடும்போது ஒரு கால் ஷூ கழன்றுவிட்டது. விரல்களை மட்டும் மூடும் அரை ஷூ அது. நிற்காமல் ஆடி முடித்து, ஆறாவதாக இறுதிக்குள் நுழைந்தார். இறுதியில் வளையத்துக்கு 28.050, பந்துக்கு 28.325. மூன்றாவது கருவி மறுபடியும் கிளப். கை நழுவியது. கிடைத்தது 26.750. கடைசியாக ரிப்பனில் 28.350, அன்று அவர் எடுத்ததிலேயே அதிகம். மொத்தம் 111.475, ஐந்தாமிடம். வெண்கலம் வென்ற பெலாரஸின் லியுபோவ் சார்காஷினாவுக்கு 111.700. இடைவெளி 0.225. மற்ற மூன்றிலும் 28-க்கு மேல் எடுத்தவர் கிளப்பில் 27 எடுத்திருந்தால்கூடப் போதும், அந்தப் பதினெட்டில் ஒன்று கொரியாவுக்கு வந்திருக்கும்.

அடுத்த மூன்று வருடம் அறுவடைக்காலம். 2013 தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன். 2014-இல் லிஸ்பன் உலகக் கோப்பையில் தங்கம், இஸ்மிர் உலக சாம்பியன்ஷிப்பில் வளையத்துக்கு வெண்கலம், சொந்த மண்ணில் இஞ்சோன் ஆசிய விளையாட்டில் தங்கம். 2015 குவாங்ஜு பல்கலைக்கழக விளையாட்டிலும் தங்கம். இவற்றில் எதுவும் ஊரில் இருந்த வசைபாடிகளின் வாயை அடைக்கவில்லை. ஸ்கேட்டிங் ராணி கிம் யூனாவோடு ஒப்பிட்டார்கள். பதக்கத்தைவிட விளம்பரம் அதிகம் என்றார்கள். 2014-இல் ஓர் அரசு உடற்பயிற்சி விழாவில் அதிபர் பார்க் குன்-ஹேயுடன் கலந்துகொண்டதை, 2016 இறுதியில் அந்த அரசின் ஊழல் விவகாரம் வெடித்தபோது தோண்டியெடுத்துத் திட்டினார்கள்.

அந்த வசைக்குச் சில மாதம் முன்புதான் ரியோ. வளையம் 18.216, பந்து 18.266, கிளப் 18.300, லிபர்டாங்கோ இசைக்கு ஆடிய ரிப்பன் 18.116. எதுவும் கீழே விழவில்லை. லண்டனில் கவிழ்த்த கிளப்தான் இங்கே அதிகப் புள்ளி தந்தது. மொத்தம் 72.898. உக்ரைனின் ஹன்னா ரிஸாத்தினோவா 73.583 எடுத்து வெண்கலம் கொண்டுபோனார். இடைவெளி 0.685. லண்டனில் 120-க்குக் கணக்கு, இங்கே 80-க்கு; விகிதப்படி பார்த்தால் பதக்கம் நான்கு மடங்குக்கும் மேல் தள்ளிப் போயிருந்தது. ஆனாலும் நான் ரியோவைத்தான் உசத்தி என்பேன். லண்டனில் அவர் கை தவறியது. ரியோவில் கையிலிருந்த அத்தனையும் கொடுத்தார். அதற்கான விலை நான்காமிடம். முன்னால் இரண்டு ரஷ்யர்கள், ஓர் உக்ரைனியர். ஐந்தாவதாக, அவருக்குப் பின்னால், பெலாரஸின் மெலிதினா ஸ்தான்யூதா.

2017 தொடக்கத்தில், 23 வயது நிறையுமுன், ஓய்வை அறிவித்தார். இப்போது சோலில் லீப் ஸ்டுடியோ என்ற பயிற்சிக்கூடத்தில் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார். மாஸ்கோவுக்குப் போகாமலே அடிப்படையைக் கற்க வழி இருக்கிறது.

அவர் ரியோவில் இறுதிப் போட்டி ஆடியது ஆகஸ்ட் 20. அதற்கு ஆறு நாள் முன்பு, அதே அரங்கில், திரிபுராவிலிருந்து வந்த ஒரு பெண் 0.150 புள்ளியில் வெண்கலத்தை விட்டிருந்தார். தீபா கர்மாக்கரும் அவர் துணிந்து குதித்த புரொதுனோவா என்ற வால்ட் தாவலும் அடுத்த வாரம்.

(தொடரும்)